துணியைத் திருப்பிப் பார்த்த ராஜா

ஜனவரி 12

அன்புள்ள தம்பிக்கு அக்கா எழுதுவது.

நான் நலம். முழங்கால் வலிக்கிறது, கடை நடக்கிறது, இரண்டும் பழையபடிதான். உன் நலத்தை நீ எழுதினால்தான் தெரியும், நீயோ எழுதுவதில்லை. போன் செய்தால் எவனோ எடுத்து, "அவர் சாரோட இருக்கார்" என்கிறான். எந்நேரமும் சாரோடு ஒட்டிக்கொண்டிருக்க நீ என்ன அவர் சட்டைப் பொத்தானா?

விஷயத்துக்கு வருகிறேன். நேற்றுப் பேப்பரில் உங்கள் ராஜாவின் பேட்டி வந்திருக்கிறது. ஐம்பது வருஷம் கழித்து அந்தப் படத்தைக் கழுவித் துடைத்து மறுபடி தியேட்டரில் போடுகிறார்களாம். அந்தப் படத்துக்குப் பிறகுதானே ஊரே அவரை ராஜா ராஜா என்று கூப்பிட ஆரம்பித்தது. அங்கிக் காட்சியைப் பற்றிக் கேட்டதற்கு, "அந்த ஒரு அசைவுக்காக ஒரு துணிக்கடையில் போய் உட்கார்ந்து பழகினேன்" என்று சொல்லியிருக்கிறார். படித்ததும் கையிலிருந்த டீயைக் கீழே கொட்டினேன்.

உனக்கு மறந்திருந்தால் ஞாபகப்படுத்துகிறேன். நிஜ ராஜா வேட்டைக்குப் போன இடத்தில் காணாமல் போகிறார். அச்சு அசலாக அவரைப் போலவே இருக்கும் ஒரு படகோட்டியை மந்திரி பிடித்துவந்து அரியணையில் உட்கார்த்துகிறார். ராணிக்குக்கூடச் சந்தேகம் வரவில்லை. முடிசூட்டும் நாளில் அங்கியைக் கொண்டுவந்து நீட்டுகிறார்கள். போலி ராஜா அதன் முனையைத் திருப்பி, பின்பக்கத்தைக் கட்டை விரலால் தடவிப் பார்க்கிறான். ராணிக்கு முகம் வெளுத்துவிடுகிறது. ராஜா துணியை உடுத்துவார், திருப்பிப் பார்க்கமாட்டார். காசு கொடுத்து வாங்குகிறவன்தான் திருப்பிப் பார்ப்பான். ஒரு வசனமும் இல்லாமல் குட்டு உடைகிறது.

அன்றைக்கு உங்கள் ராஜா டைரக்டரோடு சண்டை போட்டுக்கொண்டு வீட்டில் படுத்திருந்தார். கையும் தோளும் தெரிந்தால் போதும் என்று அவருடைய டூப்பான உன்னை நிறுத்தினார்கள். அங்கியை நீட்டியதும் நம் கடைப் புத்தி உனக்கு வந்துவிட்டது. அந்தக் கை உன் கை. பழக்கிவிட்டவள் நான். அவர் உட்கார்ந்து பழகிய துணிக்கடை எது என்று கேட்டுச் சொல். நானும் போய்ப் பார்க்கிறேன்.

பேப்பருக்கு எழுது. நீ எழுதாவிட்டால் நான் எழுதுவேன்.

இப்படிக்கு,
டீ குடிக்காமலே கடை திறந்த அக்கா


பிப்ரவரி 3

அன்புள்ள அக்காவுக்கு வணக்கம்.

நான் நலம். சாப்பாடு, தூக்கம் எல்லாம் சரியாக இருக்கிறது. கனமான உடுப்புப் போட்டு நிற்பதால் இடுப்பு மட்டும் கொஞ்சம் பிடித்துக்கொள்கிறது. முழங்காலுக்குத் தைலம் தேய்க்கிறாயா? மாடிப்படி ஏறாதே.

பேட்டியை சார் கொடுக்கவில்லை. அவருடைய மருமகன்தான் எழுதிக் கொடுத்தார். இந்த வீட்டில் எல்லாம் அவர் பொறுப்புதான் இப்போது. சார் நன்றாக இருக்கிறார்.

நீ பேப்பருக்கு எதுவும் எழுதிவிடாதே அக்கா. அது ஒரு கைதானே. ஐம்பது வருஷம் கழித்து ஒரு கைக்காக யாராவது சண்டை போடுவார்களா? எனக்கு ஒன்றும் வருத்தம் இல்லை. அடுத்த மாதம் தியேட்டரில் படத்தை மறுபடி போடும் விழா. வேலை அதிகம்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தம்பி


பிப்ரவரி 8

தம்பிக்கு,

தைலம் தேய்க்கிறேன். கேள்விக்குப் பதில் சொல்லாமல் முழங்காலைப் பிடித்துக்கொள்ளாதே.

ஒரு கைதானே என்கிறாய். எனக்கு அது ஒரு கை இல்லையடா. கல்யாணத்துக்குத் துணி எடுக்க வருகிறவர்கள் முனையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "ராஜா மாதிரி பாக்குறேன் பாருங்க" என்று என்னிடமே நடித்துக்காட்டிச் சிரிக்கிறார்கள். ஐம்பது வருஷமாக நானும் கூடச் சிரிக்கிறேன். வியாபாரம், சிரித்துத்தான் ஆகவேண்டும். துணியை மூட்டை கட்டி முதுகில் வைத்துக்கொண்டு வீடு வீடாக விற்றவள் நான். என் பின்னாலேயே நீ நடந்து வந்தாய். மட்டத் துணியை நம் தலையில் யாரும் கட்டிவிடக் கூடாது என்று உனக்குச் சொல்லிக் கொடுத்தது அந்த ஒரு வித்தைதான். அதைக் கொண்டுபோய் அவரிடம் கொடுத்துவிட்டு, வருத்தம் இல்லை என்கிறாய். உனக்கு இல்லாவிட்டால் போகிறது. எனக்கு இருக்கிறது.

இன்னொன்று. கனமான உடுப்பு என்று எழுதியிருக்கிறாயே, என்ன உடுப்பு? நீ நடிப்பை விட்டு அவர் வீட்டோடு உதவிக்கு இருக்க ஆரம்பித்து எத்தனை காலம் ஆகிறது? எழுபது வயசுக்கு மேல் உனக்கு யார் எதை மாட்டிவிடுகிறார்கள்?

உடனே பதில் எழுது.

அக்கா


மார்ச் 20

தம்பிக்கு,

நலமா என்று கேட்கப்போவதில்லை. நீ நலமாகத்தான் இருக்கிறாய். நேற்று டிவியில் பார்த்தேன்.

தியேட்டரில் அந்தப் படத்தை மறுபடி போடும் விழா. கடையில் வேலை செய்யும் பெண்கள் எல்லாரும் சுற்றி நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். ராஜா காரிலிருந்து இறங்குகிறார். கறுப்புக் கண்ணாடி, தாடி, கையில் தடி. கூட்டம் கத்துகிறது. கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த அங்கியை எடுத்து அவர் தோளில் போடுகிறார்கள். அவர் முனையைத் திருப்பித் தடவிப் பார்க்கிறார். கூரை பறக்கிற மாதிரி கைதட்டல். எங்கள் பெண்களும் தட்டினார்கள். அதுவரை எனக்கும் சந்தேகம் இல்லை. அவர் படத்தை அவரே நடித்துக்காட்டுகிறார் என்றுதான் நினைத்தேன்.

அப்புறம் மூக்கை இடது பக்கமாகச் சுருக்கினார்.

படத்தில் அது கிடையாது. மட்டத் துணி கைக்கு வந்தால், விற்கிறவன் மனசு நோகாமல் நமக்குள் சொல்லிக்கொள்ள நாம் வைத்திருந்த ஜாடை அது. உன்னையும் என்னையும் தவிர உலகத்தில் யாருக்கும் தெரியாது. பெட்டியில் இருந்தது பழைய அங்கியே இல்லை, பாலியஸ்டரில் புதுசாகத் தைத்தது, அதனால்தான் சுருக்கினாய். சரிதானே? அங்கியும் டூப், ஆளும் டூப்.

"என்னம்மா, முகம் ஒரு மாதிரியாயிடுச்சு?" என்று ஒருத்தி கேட்டாள். "டிவியை அணைச்சிட்டு வேலையைப் பாருங்கடி" என்று கத்தினேன்.

அவர் எங்கே? நீ ஏன் அவராக நிற்கிறாய்? இந்தக் கடிதத்துக்குப் பதில் வராவிட்டால் நானே கிளம்பி அந்த வீட்டு வாசலில் வந்து நிற்பேன். நான் வந்தால் மெதுவாகப் பேசமாட்டேன் என்பது உனக்குத் தெரியும்.

அக்கா


ஏப்ரல் 2

அன்புள்ள அக்காவுக்கு,

நீ வராதே. சொல்லிவிடுகிறேன்.

சாருக்கு ஞாபகம் போய்விட்டது. இரண்டு வருஷம் ஆகிறது. பெண்டாட்டி யார், பெண் யார் என்று தெரியாது. தான் யார் என்றும் தெரியாது. அவர் பிறந்தநாளன்று வாசலில் ரசிகர்கள் கூடி நின்றபோது மருமகன் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஜன்னல்ல நின்னு ஒரு தடவை கை மட்டும் ஆட்டுங்க, போதும்" என்றார். ஆட்டினேன். அது அப்படியே வளர்ந்து மேடை வரைக்கும் வந்துவிட்டது.

நீ கேவலமாக நினைப்பாய். ஆனால் ஒரு விஷயம் அக்கா. சாயங்காலமானால் சார் பயந்து கத்துவார். நான் யாரு, நான் எங்கே இருக்கேன் என்று சுவரைத் தட்டுவார். நான் தாடியும் கண்ணாடியுமாக எதிரே போய் உட்கார்ந்தால் கொஞ்ச நேரம் உற்றுப் பார்ப்பார். "அதோ இருக்கேன்" என்பார். உடனே அடங்கிவிடுவார். அவர் இருக்கிறார் என்று ஊருக்குக் காட்ட மருமகனுக்கு நான் வேண்டும். அவர் இருக்கிறார் என்று அவருக்கே காட்டவும் நான்தான் வேண்டும். எப்படி விட்டுவிட்டு வருவது?

ஜூன் மாதம் அவருக்குப் பெரிய பட்டம் கொடுக்கிறார்கள். அது முடிந்ததும் அனுப்பிவிடுவதாக மருமகன் சொல்லியிருக்கிறார்.

உன் காலைக் கவனி.

தம்பி


ஏப்ரல் 6

தம்பிக்கு,

படித்தேன். அந்த மனுஷருக்காக வருத்தப்பட்டேன். அப்புறம் கோபம் வந்தது, அது இன்னும் போகவில்லை.

ஒருத்தர் அடங்குவதற்கு இன்னொருத்தன் இல்லாமல் போக வேண்டுமா? அவருக்குத் தன்னைத் தெரியாவிட்டால் உன்னைப் பார்த்துக்கொள்கிறார். நீ யாரைப் பார்த்துக்கொள்வாய்?

ஜூனில் விடுவார்களாம். இவர்கள் பேச்சை நம்பி நான் ஒரு கைக்குட்டைகூடக் கொடுக்கமாட்டேன். பட்டம் முடிந்தால் சிலை திறப்பு, சிலை முடிந்தால் இன்னொன்று. நீ அகப்பட்டுக்கொண்டால் மருமகன் ஒதுங்கிக்கொள்வான், மோசக்காரன் என்ற பெயர் உனக்கு மட்டும். அகப்படாவிட்டால் அதைவிட மோசம். நீ முதலில் போய்விட்டால் என்ன செய்வார்கள் என்று யோசித்தாயா? கூட்டமாகக் கூடி ராஜாவுக்காக அழுவார்கள். என் தம்பிக்காக அழ நான் எங்கே போவது? எந்த வாசலில் உட்காருவது?

அந்தப் படகோட்டியையாவது மந்திரி கத்தியைக் காட்டி இழுத்துக்கொண்டு போனான். உனக்கு யார் கத்தியைக் காட்டினார்கள்? "கொஞ்சம் கை ஆட்டுங்க" என்றதும் ஆட்டிவிட்டாய்.

ஜூனுக்கு முன்னால் கிளம்பி வா. பின்கட்டு அறையைக் காலி செய்து வைத்திருக்கிறேன்.

அக்கா


ஜூன் 18

அன்புள்ள அக்காவுக்கு,

இத்தனை நாள் எழுதாததற்குத் திட்டு. நான் வரவில்லை. பட்டம் வாங்கப் போனேன்.

மேடையில் பேச வேண்டியதை மருமகன் எழுதிக் கொடுத்திருந்தார். நன்றி, வணக்கம், அவ்வளவுதான். ஆனால் பட்டம் கொடுத்த பெரியவர் மைக்கில், "அந்த அங்கிக் காட்சி எப்படித் தோணுச்சுன்னு உங்க வாயாலயே சொல்லுங்க" என்று கேட்டுவிட்டார். முன்வரிசையில் மருமகன் வேண்டாம் என்று தலையாட்டினார்.

நான் சொல்லிவிட்டேன் அக்கா. "அந்தக் காட்சியில நடிச்சது நான் இல்லை. எனக்கு டூப் போட்ட ஒருத்தன். அவங்க அக்கா துணிக்கடை வச்சிருந்தாங்க. அவங்க சொல்லிக் கொடுத்தது" என்றேன். என் பேரையும் சொன்னேன். முழுப் பேர். என் வாயில் என் பேரே வேறு யாருடையதோ மாதிரி இருந்தது.

அரங்கம் முழுக்க எழுந்து நின்று தட்டினார்கள். நானும் கை கூப்பினேன். அப்புறம்தான் புரிந்தது, அவர்கள் தட்டியது எனக்கு இல்லை.

தம்பி


ஜூன் 23

தம்பிக்கு,

பேப்பரைப் பார்த்தேன். 'ராஜாவின் ராஜ மனசு' என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறான். சாதாரண டூப்பைக்கூட மறக்காத பெருந்தன்மையாம். அடப்பாவி! உன் பேரை உன் வாயால் சொன்னதற்கும் அவருக்கே மாலையா? நீ உண்மையைச் சொன்னால்கூட அதை அவர் பெட்டியில்தான் வைத்துப் பூட்டுகிறார்கள். படித்துவிட்டு ஒரு பீஸ் துணியைக் கோணலாக வெட்டிவிட்டேன். இத்தனை வருஷத்தில் நான் கோணலாக வெட்டியதில்லை.

ஆனால் ஒன்று செய்தாய். அந்த டூப் எங்கே என்று எல்லாரும் தேட ஆரம்பித்துவிட்டார்கள். துணிக்கடை அக்கா என்று நீ சொன்னதை வைத்து ஒரு நிருபர் நேற்று என் கடைக்கே வந்துவிட்டான். ஒல்லியாக, தோளில் ஒரு பையோடு.

"உங்க தம்பி உயிரோட இருக்காராம்மா?"

"இருக்கான்."

"எங்க இருக்கார்?"

ஒரு நிமிஷம் நினைத்தேன். எல்லாவற்றையும் போட்டு உடைத்துவிடலாம் என்று வாய் வரைக்கும் வந்தது. உடைத்தால் நீ அல்லவா அகப்படுவாய். வியாபாரி மாதிரி யோசித்தேன்.

"வெளியூர்ல இருக்கான். ஜூலை பத்தாம் தேதி இங்க வரான். கேமராவோட வாங்க" என்றேன்.

அவன் அதைப் பேப்பரிலும் போட்டுவிட்டான். இனி நீ வந்துதான் ஆகவேண்டும். வராவிட்டால் அவன் உன்னைத் தேடிக்கொண்டு நேராக அந்த வீட்டுக்குத்தான் வருவான். மருமகனிடம் இந்தக் கடிதத்தைக் காட்டு. கணக்குத் தெரிந்தவன், உன்னை அவனே பஸ் ஏற்றிவிடுவான்.

அக்கா


ஜூலை 15

மதிப்புக்குரிய அம்மாவுக்கு,

நீங்களும் உங்கள் வீட்டுக்காரரும் நலமாக இருக்க வேண்டும் என்றே நினைக்கிறேன். நீங்கள் ராஜாவின் மனைவி, நான் துணி விற்கிறவள். நேரடியாகப் பேசுவது என் வழக்கம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தம்பி பத்தாம் தேதி வந்துவிட்டான். கிளம்பும் முன் தாடியையும் கண்ணாடியையும் கழற்றிவிட்டு, சொந்த முகத்தோடு உங்கள் வீட்டுக்காரரிடம் விடைபெறப் போனானாம். அவர் பார்த்துவிட்டு, "இந்த ஆளை உள்ள விட்டது யாரு? வெளிய தள்ளு" என்று கத்தினாராம். ஐம்பது வருஷம் அவர் நிழலாக நின்றவன். பஸ்ஸில் வழி முழுக்க அழுதுகொண்டு வந்திருக்கிறான். அவர் மேல் குற்றம் இல்லை. ஆனால் எனக்கு வயிறு எரிகிறது.

நிருபர் வந்தான். தம்பியை ஏற இறங்கப் பார்த்தான். "ராஜா ஜாடை கொஞ்சம்கூட இல்லையே அம்மா" என்றான்.

"மேக்கப் போட்டா இருக்கும்."

"மேக்கப் போட்டா எனக்கும் இருக்கும். இவர்தான் அவர்னு யார் சொல்லணும்? ராஜா சொல்லணும். அவரைப் பார்க்கக் கேட்டா, உடம்பு சரியில்லைன்னு மருமகன் போனை வச்சிட்டார்."

கடைக்கு வந்தவர்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டு நிற்க, பேரை விற்க வந்த கிழவன் மாதிரி தம்பி தலையைக் குனிந்துகொண்டு நின்றான். அவன் ராஜாவாக நின்றபோது ஊரே நம்பியது. அவனாக நின்றால் ஒருத்தன்கூட நம்பவில்லை.

இனி சொல்லக்கூடியவர் நீங்கள் ஒருவர்தான். சொன்னால் உங்கள் வீட்டு விஷயம் வெளியே வரும். தெரிந்துதான் கேட்கிறேன். கெஞ்சவில்லை. உங்கள் வீட்டுக்காரர் பேரைக் காப்பாற்ற என் தம்பி பேர் போயிற்று. அதைத் திருப்பிக் கொடுங்கள்.

இப்படிக்கு,
அவனுடைய அக்கா


ஆகஸ்ட் 9

அன்புள்ள சகோதரிக்கு,

நான் நலம் என்று எழுதினால் பொய். அவரும் அப்படித்தான்.

உங்களுக்கு மட்டும்தான் கோபம் என்று நினைக்கிறீர்களா? இரண்டு வருஷமாக என் கணவர் உள்ளே சுவரைத் தட்டிக்கொண்டிருக்க, வெளியே இன்னொருவர் பக்கத்தில் நின்று நான் போட்டோவுக்குச் சிரித்தேன். அவர் நோய்க்கு ஒரு சொட்டுக் கண்ணீர்கூடப் பகலில் விட முடியாது, யாராவது பார்த்துவிடுவார்கள். மாப்பிள்ளை சொன்னார், நான் கேட்டேன். அது என் கோழைத்தனம்.

நேற்று அந்த நிருபரை வீட்டுக்கு வரச்சொன்னேன். மாப்பிள்ளை வாசலிலேயே மறித்தார்.

"அத்தே, இத்தனை வருஷப் பேரு ஒரே நாள்ல போயிடும்."

"போகட்டும். அவர் இன்னும் போகலை. அவரைப் பார்க்க வந்திருக்காங்க, வழி விடுங்க" என்றேன்.

அறைக் கதவைத் திறந்து காட்டினேன். அவர் போர்வையைப் பிய்த்துக்கொண்டிருந்தார். நிருபர் உள்ளே வராமல் வாசற்படியிலேயே நின்றுவிட்டார். "அப்ப மேடையில பட்டம் வாங்கினது யாரும்மா?" என்றார். "அன்னிக்கு மேடையில ஒரு பேர் சொன்னாரே, அந்தப் பேருக்குச் சொந்தக்காரர்" என்றேன். அதையே எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தேன். அவரை நிற்க வைத்தது நாங்கள், கேஸ் என்று வந்தால் எங்கள் மேல்தான் வர வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறேன். பட்டத்தைத் திருப்பி அனுப்பிவிட்டேன். மகள் என்னோடு பேசுவதில்லை.

கேட்க எனக்கு உரிமை இல்லை, இருந்தாலும் கேட்கிறேன். சாயங்காலங்களில் இவரை அடக்க முடியவில்லை. உங்கள் தம்பி வேஷம் எதுவும் போட வேண்டாம். அவராகவே வந்து கொஞ்ச நேரம் உட்கார முடியுமா? வராவிட்டாலும் எனக்கு வருத்தம் இல்லை.

ராஜா வீட்டு அம்மா


அக்டோபர் 2

மதிப்புக்குரிய அம்மாவுக்கு,

முழங்கால் தவிர நான் நலம். நீங்கள் சாப்பிடுவதில்லை என்று தம்பி சொன்னான். சாப்பிடுங்கள்.

பேப்பரில் வந்த நாளிலிருந்து கடைக்குக் கூட்டம். பாதிப் பேர் மோசக்காரன் என்று திட்ட வருகிறார்கள், பாதிப் பேர் கையைத் தொட்டுப் பார்க்க வருகிறார்கள். இரண்டு கட்சிக்கும் துணி விற்கிறேன். உங்கள் மாப்பிள்ளை மேல் எனக்குள்ள கோபம் தீரவில்லை. உங்கள் மேல் இருந்தது கொஞ்சம் குறைந்திருக்கிறது, அதையும் முழுசாக விட்டுவிடவில்லை.

நீங்கள் கேட்டதற்கு நான் கூடாது என்றுதான் சொன்னேன். "தள்ளிவிட்ட வாசலுக்கு மறுபடி போறியாடா? உனக்குச் சூடு சொரணை கிடையாதா?" என்று கடையே கேட்கக் கத்தினேன். அவன் குடையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிப் போய்விட்டான். இப்போது வாரம் தவறாமல் போகிறான். போகிறவனுக்கு நானே சட்டை தேய்த்துக் கொடுக்கிறேன், என்னைச் சொல்ல வேண்டும்.

அறைக்குள் என்ன நடக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது, நீங்கள் அவர்களைத் தனியாக விட்டுவிட்டுப் போய்விடுவீர்கள் என்றான். அதனால் எழுதுகிறேன். உங்கள் வீட்டுக்காரர் இப்போதெல்லாம் வெளியே தள்ளச் சொல்வதில்லையாம். நிமிர்ந்து பார்த்து, "யாருய்யா நீ?" என்கிறாராம். இவன் பேரைச் சொல்கிறான். சரி என்று தலையாட்டுகிறார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி, "யாருய்யா நீ?" மறுபடி பேர். விளக்குப் போடுகிற வரைக்கும் இதே வேலை. ஆனால் சுவரைத் தட்டுவதில்லையாம்.

"கிளிப்பிள்ளை மாதிரி அதையே சொல்லிக்கிட்டிருக்கியே, சலிச்சுப் போகலையாடா?" என்று கேட்டேன்.

"அந்த வீட்டுல இத்தனை வருஷமா என் பேரை ஒருத்தரும் கேட்டதில்லைக்கா" என்றான்.

அவனைத் திட்டுவதற்கு எனக்கு எப்போதும் வார்த்தை கிடைக்கும். அன்றைக்குத் தேய்த்த சட்டையையே எடுத்து இன்னொரு தடவை தேய்த்தேன்.

வியாழக்கிழமை வருவான். பஸ் தாமதமானால் கவலைப்பட வேண்டாம்.

இப்படிக்கு,
அக்கா